பெரால்தாவுக்காக விழுந்தவன்

இக்னாசியோ பெரால்தா குதிரையிலிருந்து விழுந்தால் மாத்தளையில் ஒருத்தி அழுவாள்.

தியேட்டரில் மற்றவர்கள் விசில் அடிப்பார்கள், நாற்காலியில் தட்டுவார்கள். பெண்கள் பகுதியின் கடைசி வரிசையில் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மஸீஹா மட்டும் "யா அல்லாஹ்" என்று முணுமுணுப்பாள். பெரால்தா ஸ்பெயின் நாட்டு நடிகர். அவருக்கு அடிபட்டதே என்று அவள் அழவில்லை. அங்கே விழுந்தது பெரால்தா அல்ல. மஸீஹாவின் கணவன் மர்சூக்.

மர்சூக் கொங்காவெலக்காரன். லொறியில் கிளீனராக வேலை. உப்பும் கருவாடும் சீத்தைத் துணியும் ஏற்றிக்கொண்டு லக்கல பக்கம் போவான். மிளகாயும் எள்ளும் ஏற்றிக்கொண்டு திரும்புவான். 1959இல் ஒரு ஸ்பானியப் படக் கம்பெனி தென்னமெரிக்கக் காட்டைத் தேடி லக்கலவுக்கு வந்து சேர்ந்தது. சாமான் ஏற்றி இறக்க லொறி வேண்டியிருந்தது. முதலாளி லொறியையும் மர்சூக்கையும் சேர்த்தே வாடகைக்கு விட்டார்.

பெரால்தாவுக்காக விழவும் உருளவும் பாயவும் ஒரு ஆள் கூடவே வந்திருந்தான். லக்கலக் காய்ச்சல் அவனைப் பிடித்துக்கொண்டது. கதாநாயகன் பாறையிலிருந்து ஆற்றில் பாய வேண்டிய நாள் அது. டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஓடி வந்த லொறியின் பின்பலகையிலிருந்து மர்சூக் குதித்தான். எல்லாக் கிளீனர்களும் குதிப்பதுதான். ஆனால் டைரக்டர் அவனுடைய உயரத்தையும் தோளையும் நிறத்தையும் பார்த்தார். வெயிலில் கறுத்த ஸ்பானியனும் கொங்காவெலச் சோனகனும் முதுகுப் பக்கம் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தார்கள்.

மர்சூக் பாறையிலிருந்து பாய்ந்தான். மரத்திலிருந்து விழுந்தான். குதிரையைத் தொட்டே பழக்கமில்லாதவன் ஒரே வாரத்தில் குதிரையிலிருந்து அழகாக விழப் பழகினான். விழும்போது இடது கையை மட்டும் மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வான். சட்டைப் பையில் இருக்கும் பீடிக்கட்டு நசுங்கக் கூடாது என்று பழகிய பழக்கம். ஸ்பானியர்கள் கொடுத்த உடுப்பில் பையே இல்லை. அப்போதும் கை அங்கேதான் போகும்.

படம் முடிந்ததும் பெரால்தா அவனைத் தன்னோடு ஸ்பெயினுக்கு அழைத்தார். மஸீஹாவுக்குக் கல்யாணமாகி ஒரு நோன்புதான் கழிந்திருந்தது.

"ரெண்டு வருஷம் புள்ள. சொந்த லொறி வாங்குற காசோட வாரன்."

"விழுறதுக்கா சம்பளம் குடுக்கிறாங்க?"

"விழுந்தாலே இவ்வளவு குடுக்கிறான். எழும்பினா எவ்வளவு குடுப்பான்னு நெனச்சுப் பாரு!"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தது சம்மதமாகிவிட்டது.

முதலில் காசும் கடிதமும் வந்தன. கடிதம் எழுத வராத மர்சூக், அங்கே ஒரு கப்பல்காரத் தமிழனைப் பிடித்து எழுதுவித்திருந்தான். 1961க்குப் பிறகு எதுவும் வரவில்லை. மஸீஹா தன் மூத்த சகோதரன் ஹுசைனின் வீட்டுக்கு வந்து, அவனுடைய துணிக்கடைக்குப் பிள்ளைகளின் கவுன் தைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தாள்.

கடிதம் நின்ற பிறகு படங்கள் வரத் தொடங்கின.

முதலில் வந்தது லக்கலக் காட்டில் எடுத்த படம். ஊரே திரண்டு போனது. "அந்தா நம்மட மர்சூக்!" என்று பையன்கள் கத்தினார்கள். அடுத்து வந்ததில் பெரால்தா ரோமாபுரிப் படைத் தளபதி. இரதம் கவிழ்ந்து அவர் புழுதியில் உருண்டபோது இடது கை மடிந்து நெஞ்சுக்குப் போனது. மஸீஹாவுக்கு அது போதும். உயிரோடு இருக்கிறார். சோறு தின்கிறார். விழுகிறார்.

அதற்குப் பிறகு பெரால்தா என்னவெல்லாமோ ஆனார். வெறுங்காலோடு நடக்கும் பாதிரியார் ஆனார். தூக்குக்குப் போகும் ஒருவனுக்காக அந்தப் பாதிரியார் தேம்பி அழுதபோது பெண்கள் பகுதியே அழுதது. துப்பாக்கிக் கொள்ளைக்காரன் ஆனார். பிணத்தை அறுக்கும் பைத்தியக்கார டாக்டர் ஆனார். கண்டிப்பான நீதிபதி ஆனார். கடைசியில் சாய்கதிரையில் உட்கார்ந்தபடியே செத்துப்போகும் கிழவரும் ஆனார்.

பெண்கள் பகுதியில் டிக்கெட் கிழிக்கும் பாப்பம்மா, தேயிலைத் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தவள். மஸீஹாவைக் கண்டால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஒரு படத்துல சாமியாரு, அடுத்த படத்துல களவாணி. போன மாசம் வாலிபன், இந்த மாசம் பல்லுப் போன கிழவன். ஏங்க, இந்தாளோட வீட்டுக்காரி கதவத் தொறக்கிறப்ப யாரு வர்றாருன்னு எப்படிங்க கண்டுபிடிப்பா?"

மஸீஹா சிரிக்கவில்லை. கொள்ளைக்காரன் படத்தில் கூரையிலிருந்து விழுந்தவன், விரட்டிய கோழிபோல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு விழுந்தான். அது மர்சூக் அல்ல. டாக்டர் படத்திலும் வேறு ஆள். நீதிபதிக்கும் கிழவருக்கும் விழ வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஆண்டுகள் இப்படியே போய் 1968 வந்தது. ஒரு நாள் ஹுசைன் கடையிலிருந்து நேரத்தோடு வந்து தங்கையின் முன்னால் உட்கார்ந்தான்.

"ரத்தோட்டையில மஹ்ரூப் ஈக்கிறார்தானே, அரிசி மில்காரர். பொஞ்சாதி மவுத்தாகி ரெண்டு வருஷம். ஒன்ன கேட்டு விட்டீக்கிறார்."

"நான் மர்சூக்ட பொஞ்சாதி நானா."

"எந்த மர்சூக்? செலவுக்குக் காசு அனுப்புற மர்சூக்கா? காயிதம் போடுற மர்சூக்கா? காதியார்கிட்ட பஸ்ஹு கேட்டா குடுத்துருவார். நான் பேசிட்டு வந்துட்டன்."

செலவுக்குக் கொடுக்காமல் கணவன் கைவிட்டுப் போனால், மனைவி காதியாரிடம் முறையிட்டுப் பெறும் விடுதலைக்குத்தான் பஸ்ஹு என்று பெயர். இரண்டு சாட்சிகள் வேண்டும். அந்த இரண்டு சாட்சிகளையும் ஹுசைன் தயார் பண்ணியிருந்தான். அன்று இரவு வரைக்கும் மஸீஹா கவுன் தைத்தாள். மறுநாள் காலையில் தேங்காய் துருவிக்கொண்டே, "சரி நானா" என்றாள். கொள்ளைக்காரன் படத்தில் மர்சூக்கின் இடத்தில் கையை விரித்துக்கொண்டு விழுந்த அந்த மனிதன்தான் அவளை அப்படிச் சொல்ல வைத்தான்.

மஹ்ரூப் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்து அவள் கேட்கும்படி ஹுசைனிடம் சொன்னார்: "எனக்கு விழவெல்லாம் தெரியாது ஹுசைன் நானா. மில்லுல தவிட்டு மூட்டைல இடறினாலே மூணு நாள் படுக்கைதான். அதச் சொல்லிருங்க." திரைக்குப் பின்னால் மஸீஹாவுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அந்த மனிதரோடு சோறு ஆக்கித் தின்று வாழலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

காதியார் ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை தியேட்டர் சுவரில் புதிய சுவரொட்டி ஏறியது. பெரால்தா கடற்கொள்ளைக்காரராக வாளோடு நின்றார். குறுக்கே, "புத்தம் புதிய படம்!" என்று சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. தியேட்டர் மனேஜர் நடராஜா எந்தப் படம் வந்தாலும் அந்தச் சிவப்புத் தாளை ஒட்டிவிடுவார். படச்சுருள்கள் இந்தியா, மலாயா எல்லாம் சுற்றி, கொழும்பில் தேய்ந்து, கண்டியில் கிழிந்து, ஒட்டுப் போட்டுத்தான் மாத்தளைக்கு வரும். எது முதலில் எடுத்தது, எது பிறகு எடுத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. வந்த வரிசைதான் வரிசை.

சனிக்கிழமை பகல் காட்சிக்கு மஸீஹா போனாள். இனிமேல் போகப்போவதில்லை, கடைசியாக ஒருமுறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

கப்பலில் சண்டை நடந்தது. பெரால்தா பாய்மரத்தின் உச்சிக்கு ஏறினார். கீழேயிருந்து எவனோ சுட்டான். உச்சியிலிருந்து அந்த உடல் விழுந்தது. இடது கை மடிந்து நெஞ்சுக்குப் போனது. பாதி வழியில் உடல் புரண்டது. கண் சிமிட்டும் நேரம், முகம் திரையில் நேராகத் தெரிந்தது.

மர்சூக்கின் முகம்.

மஸீஹா எழுந்து நின்றுவிட்டாள். பின்னாலிருந்து யாரோ முக்காட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு படம் என்னவாயிற்று என்று அவளுக்குத் தெரியாது.

காட்சி முடிந்ததும் நேரே நடராஜாவின் மேசைக்குப் போனாள். ஆண்கள் பகுதிக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"மனேஜர் ஐயா, இந்தப் படம் எப்ப எடுத்தது?"

நடராஜா சில்லறை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, எல்லோருக்கும் சொல்வதையே சொன்னார்: "போன வருஷம் எடுத்தது தங்கச்சி. சூடு ஆறாம வந்திருக்கு."

வாசலில் பாப்பம்மா நின்றாள். மஸீஹா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பம்மா, ஒரு சந்தேகம். போன படத்துல பெரால்தா அவ்வளவு கிழவனா இருந்தாரே. இதுல இப்படி வாலிபமா ஈக்கிறாரே?"

"நடிகனுக்கு என்னங்க? டோப்பா வச்சா வாலிபம், கழட்டினா கிழவன்" என்றாள் பாப்பம்மா.

அந்தப் பதில் போதுமாக இருந்தது. பெரால்தா எந்த வயதிலும் இருப்பவர். அவர் முகத்தைப் பார்த்து எந்த ஆண்டையும் கணக்கிட முடியாது.

திங்கட்கிழமை காதியாரின் வீட்டு முன்னறையில் இரண்டு சாட்சிகளும் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மஹ்ரூப் வரவில்லை, வருவது முறையில்லை. மஸீஹா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள்: "எனக்கு பஸ்ஹு வேணாம்."

ஹுசைன் துள்ளி எழுந்தான். "பைத்தியமா ஒனக்கு?"

"அவர் ஈக்கிறார். நான் கண்ணால கண்டன். மெலியல்ல, நரைக்கல்ல. போன மாதிரியே ஈக்கிறார்."

"ஒம்பது வருஷம் கழிச்சும் ஒரு மனிசன் போன மாதிரியே ஈப்பானா? அத யோசிச்சியா?"

"நல்லாத் தின்னுறார்போல" என்றாள் மஸீஹா. சாட்சிகளில் ஒருவர் சிரிப்பை அடக்கத் தாடியைத் தடவினார். "உசிரோட ஈக்கிற புருஷன வேணாம்னு என்ட வாயால சொல்ல மாட்டன் நானா. நாளைக்கு வந்து நின்னா எந்த முகத்தோட பார்ப்பன்?"

காதியார் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அவள் அதையே சொன்னாள். அவர் பேனையை மூடி வைத்தார்.

மஹ்ரூப் கோபிக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பார்த்தார். பிறகு உக்குவெலையில் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டார். அந்தக் கல்யாணத்துக்கு ஹுசைன் வீட்டுக்கும் அழைப்பு வந்தது. மணப்பெண்ணின் பிள்ளைக்குக் கவுன் தைத்துக் கொடுத்தது மஸீஹாதான்.

அவள் காத்திருந்தாள். பெரால்தாவின் படங்கள் குறைந்துபோயின. வந்த ஒன்றிரண்டிலும் அவர் ஓரமாக வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். வீட்டு வேலைக்காரராக வந்தார். குதிரை லாயத்தில் வைக்கோல் போட்டார். பிறகு வெளிநாட்டுப் படங்களே அரிதாகிவிட்டன. பாண் வாங்கவும் வரிசையில் நிற்கும் காலம் வந்தது.

1973இல் ஒரு நாள் நடராஜா ஆள் விட்டனுப்பினார். பல்லேகமவில் ஏதோ ஒரு வெள்ளைக்காரப் படம் எடுக்கிறார்களாம். சின்னப் படம்தானாம். ஆனால் அதில் பெரால்தா இருக்கிறாராம்.

ஹுசைன் முதலில் மாட்டேன் என்றான். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடையைப் பூட்டினான். பல்லேகமவுக்கு பஸ் வருவதே அபூர்வம். வந்த பஸ்ஸில் ஏறி, மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கியபோது மஸீஹாவுக்கு வாந்தி வந்தது. யானை மிதித்த வயல் ஒன்றின் ஓரத்தில் கூடாரங்கள் தெரிந்தன.

அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். தலையில் முடியே இல்லை. வயிறு தொங்கியது. கிழிந்த காற்சட்டையும் சேறு பூசிய சப்பாத்துமாக, குடிகாரத் தோட்டத்துரை வேஷம். மஸீஹா அவரை உடனே அடையாளம் கண்டாள். அவர் தளபதியாகவும் பாதிரியாராகவும் நீதிபதியாகவும் இருந்த எல்லா முகங்களும் அந்த முகத்தின் அடியில் கிடந்தன.

கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு சிங்களப் பெண் அவர் பேசிய ஆங்கிலத்தைச் சிங்களமாக்கிச் சொன்னாள். மஸீஹாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும்.

"மர்சூக்" என்ற பெயரைக் கேட்டதும் பெரால்தாவின் கையிலிருந்த வாழைப்பழம் நின்றது.

"மர்சூக்கோ!" என்றார். "என் முதுகு! என் முதுகு அவன்தான்! நீங்கள் அவனுடைய சகோதரியா?"

"மனைவி" என்றாள் மஸீஹா. "அவர் எங்கே?"

பெரால்தா அந்தச் சிங்களப் பெண்ணைப் பார்த்தார். பிறகு ஹுசைனைப் பார்த்தார். நெடுநேரம் ஏதோ சொன்னார். அந்தப் பெண் மொழிபெயர்க்கத் தயங்கினாள்.

"சொல்லுங்க" என்றான் ஹுசைன்.

"அவர் இறந்து பன்னிரண்டு வருஷமாம். உங்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை என்பது தனக்குத் தெரியாது என்று சொல்கிறார். கம்பெனி அலுவலகம் எழுதியிருக்கும் என்று நினைத்தாராம்."

மஸீஹா தலையை ஆட்டினாள். "இல்ல. அதுக்குப் பிறகும் அவர் நடிச்சாரு. கப்பல் படம். பாய்மரத்துல இருந்து விழுந்தாரு. நான் பார்த்தன். முகத்தையும் பார்த்தன்."

அந்தப் பெண் அதைச் சொன்னதும் பெரால்தா கண்களை மூடிக்கொண்டார்.

அந்தப் படம்தான், என்றார். அந்தக் கப்பல்தான். கீழே வலை கட்டியிருந்தார்கள். காற்றில் கப்பல் திரும்பியதில் வலை அந்தப் பக்கம் போய்விட்டது. விழுந்துகொண்டிருக்கும்போதே மர்சூக்குக்கு அது தெரிந்திருக்க வேண்டும். புரண்டு கீழே பார்த்தான். அதனால்தான் முகம் தெரிந்தது. படம் அதோடு நின்றது. கம்பெனியும் முறிந்துபோனது. வருடங்கள் கழித்து வேறு யாரோ அந்தச் சுருள்களை வாங்கி, மிச்சத்தை எடுத்து முடித்து வெளியிட்டார்கள். அந்த ஒரு காட்சியை மட்டும் மறுபடி எடுக்கவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்ததாம்.

"எங்க அடக்கினாங்க?" என்று கேட்டான் ஹுசைன்.

கடற்கரை ஊர் ஒன்றில். கிறிஸ்தவன் இல்லை என்பதால் கல்லறை மதிலுக்கு வெளியே. ஊரின் பெயர் அவருக்கு நினைவில்லை. எத்தனை படங்கள், எத்தனை ஊர்கள் என்றார்.

பெரால்தா அழத் தொடங்கினார். உதடு முதலில் நடுங்கியது, பிறகு தாடை, பிறகு தோள் குலுங்கியது. மஸீஹா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த அழுகையை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். தூக்குக்குப் போகிறவனுக்காகப் பாதிரியார் அழுதது இப்படித்தான். இதே உதடு, இதே தோள். இது அவருடைய சொந்த அழுகையா, தொழிலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவராலும் முடியாதோ என்னவோ.

தூரத்திலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார். தோட்டத்துரை போதையில் வயல் வரப்பிலிருந்து சேற்றில் விழ வேண்டும். சின்னப் படம், அவருக்காக விழ ஆள் வைத்திருக்கவில்லை. அறுபதைத் தாண்டிய அந்த மனிதர் தானே விழுந்தார். சரியாக வரவில்லை என்று திரும்பவும் விழச் சொன்னார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மஸீஹா பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தோட்டையும் காப்பையும் கழற்றி வைத்தாள். கடையிலிருந்த வெள்ளைத் துணியில் தனக்கு உடுப்பு வெட்டினாள். பின்னறையைக் கூட்டிப் பாயை விரித்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெளியே போகக் கூடாது, அலங்காரம் கூடாது. ஊர்ப் பெண்கள் வந்து பக்கத்தில் இருப்பார்கள். அழலாம். இத்தனை ஆண்டு மனைவியாகவும் இல்லாமல் விதவையாகவும் இல்லாமல் இருந்தவளுக்கு, கடைசியில் ஓர் இடம் கிடைத்துவிட்டது போலிருந்தது. அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள அவளுக்கு அவசரமாக இருந்தது.

ஹுசைன் பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் முறை கேட்டுவிட்டு வந்தான். வந்தவன் வாசல்படியிலேயே நின்றான்.

"என்ன நானா?"

"ஜும்ஆவுக்குப் பிறகு மர்சூக்குக்கு ஜனாஸாத் தொழுகை தொழுவிக்கிறாங்க. மையத்து இல்லாமலே காயிபாத் தொழலாமாம்."

"அல்ஹம்துலில்லாஹ். நான் இண்டைக்கே இத்தா இருந்துர்றன்."

ஹுசைன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான். "இத்தா இல்லயாம்."

"என்ன?"

"மவுத்தான நாள்ல இருந்துதான் கணக்காம். நமக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து இல்லயாம். ஒன்ட இத்தா எப்பவோ முடிஞ்சிட்டாம்."

மஸீஹா வெட்டிய துணியைப் பார்த்தாள். "எப்ப?"

"அறுபத்திரெண்டுலயாம்."

சமையலறையில் ஹுசைனின் மனைவி தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அப்ப மஹ்ரூப் கேட்டு வந்த நேரம்..."

"அத விடு."

"அப்ப எனக்கு பஸ்ஹும் தேவைப்பட்டீக்காது. நானா, நான் யாருக்காகக் காத்துக்கொண்டு இருந்தன்?"

"விடுன்னு சொன்னனே."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லயாம்" என்றான் ஹுசைன். வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஆண்கள் தொழுதுவிட்டு வந்தார்கள். தேநீர் ஆறுவதற்குள் பேச்சு மிளகாய் விலைக்கும் பாண் வரிசைக்கும் போய்விட்டது. பெண்கள் யாரும் பக்கத்தில் வந்து இருக்கவில்லை. இத்தா இல்லாத வீட்டுக்கு ஏன் வர வேண்டும்?

மாலையில் ஹுசைனின் மனைவி அந்தத் தோடுகளைக் கொண்டுவந்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தாள். "போட்டுக்கங்க மச்சி. சும்மா எதுக்குக் கழட்டி வச்சிக்கிட்டு."

மஸீஹா வாங்கிக்கொண்டாள். ஒரு தோடு ஏறிவிட்டது. மற்றக் காதின் துளையை அவளுடைய விரல்கள் தேடித் தேடிப் பார்த்தன. கண்ணாடி பக்கத்தில்தான் இருந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.